தம்புசாமி மாமா போட்ட கீறல்கள்

என் அக்கா புருஷர் தம்புசாமியின் கப்சாய் மோட்டார் சைக்கிளில் கம்பெனிப் பெயர் கிடையாது. வாங்கும்போது இருந்தது. பத்தொன்பது வருடமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் துடைத்துத் துடைத்து அதை அவரே போக்கிவிட்டார். என்ன கம்பெனி வண்டி என்று யாராவது கேட்டால், "நல்ல கம்பெனி" என்பார். அவர் வீட்டுக் கதவு எண்ணும் அப்படித்தான் போயிற்று. புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் இரண்டு மாதம் அவருடைய கடிதங்களை எதிர்வீட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு இது தொழிலாக வந்த குணம். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்திரண்டு வருடம் பித்தளைக் கைப்பிடி, மாடிப்படிக் கம்பி, லிஃப்ட் கதவு என்று பளபளக்க வைப்பதுதான் அவருக்கு வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்டிலிருந்து நடந்தே போய்வருவார். கோவிட் காலத்தில் ஹோட்டலை மூடினார்கள். மாமா மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தார். அந்த மூன்று மாதத்தில் வீட்டில் தேய்க்கக்கூடிய பொருள் எதுவும் மிச்சமில்லை. என் அக்கா பவுனம்மாள் எனக்குப் போன் போட்டு, இவரை எங்கேயாவது வேலைக்குச் சேர்த்துவிடு, இல்லாவிட்டால் என்னையும் தேய்த்துவிடுவார் என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் கிள்ளானில் ஒரு பட்டறைக்கு லோரி ஓட்டுகிறேன். எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, புனிதாவிடம் சொல்லி மாமாவைச் சுத்தம் செய்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டேன். இருவரும் பண்டமாரானில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்து வந்தார்கள்.

மாமா மேல் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. அக்கா கல்யாணத்துக்கு எங்கள் அப்பா ரெங்கசாமி பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கினார். பாத்திரக்கடையிலேயே ஒரு மணி நேரம் நின்று, ஒவ்வொன்றிலும் 'ரெ. பவுனம்மாள்' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி வாங்கி வந்தார். அப்பா போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. டம்ளர்கள் இருக்கின்றன, பெயர் இல்லை. தட்டுகளிலும் அப்படித்தான். கோயில் விசேஷத்துக்குக் கொடுத்த தட்டில் பெயர் இல்லாததால் இரண்டு தட்டு யார் வீட்டுக்கோ போய்விட்டது. மாமா கெட்ட எண்ணத்தில் எதையும் செய்கிறவர் இல்லை. கீறல் இருந்தால் அது அழுக்கு, அழுக்கு இருந்தால் அதைப் போக்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்கா சண்டை போட்டுச் சலித்து விட்டுவிட்டாள். நான் விடவில்லை, மனசுக்குள் வைத்திருந்தேன்.

இப்போது மாமாவுக்கு ஐம்பத்தொன்பது. டிசம்பரில் அறுபது முடிகிறது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வேலையில் இருக்கலாம் என்று புனிதா வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மாமா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். சம்பளத்துக்காக என்று சொல்வார். அது பொய். வீட்டில் உட்காரப் பயம்.

எங்கள் பட்டறையில் எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு பழைய ஜப்பான் கிரைண்டிங் மெஷின். வேகமாகச் சுற்றுகிற ஒரு கல் சக்கரம், அதற்குக் கீழே இடமும் வலமும் போய்வருகிற ஓர் இரும்பு மேசை. மேசையில் வைக்கிற தகட்டைக் கல் சக்கரம் சீவிச் சீவி மட்டமாக்கும். அந்த மேசைக்கு அடியில் சக்கரமோ குண்டோ கிடையாது. இரண்டு நீண்ட இரும்புத் தடங்கள், தடத்தின் மேல் எண்ணெய், எண்ணெய் மேல் மேசை. அவ்வளவு கனமான இரும்பு அந்த மெல்லிய எண்ணெயின் மேல்தான் வழுக்கிப் போகும். குரு என்பவர் பதினைந்து வருடமாக அதை ஓட்டுகிறார். நாற்பது வயது, சிரித்த முகம், மெஷினை 'அவ' என்றுதான் சொல்வார்.

இந்த அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் அதுதான் பெரிய திருநாள், மாமாவுக்கு அது தேர்தல் மாதிரி, அன்றைக்கு எல்லாருக்கும் அவர் வேண்டும். இரண்டு நாள் முன்பே வேலையை நிறுத்தி எல்லா மெஷினையும் கழுவுவோம். குரு அடியில் இருக்கிற எண்ணெய்க் குழாயைச் சுத்தம் செய்யலாம் என்று சங்கிலி போட்டு மேசையைத் தூக்கி வைத்தார். பிறகு வாழைக்கன்று, பூசணி, எலுமிச்சை வாங்க என் லோரியில் என்னோடு லிட்டில் இந்தியாவுக்கு வந்தார். திருநாள் நெரிசலில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போயிற்று. அந்த நேரத்தில்தான் மாமா நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தடங்களைப் பார்த்திருக்கிறார்.

தடம் முழுக்கக் கீறல். நகத்தால் அழுத்தியதுபோலச் சின்னச் சின்ன அரைநிலா, வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கில். இவ்வளவு நல்ல மெஷினை இப்படிக் கீறி வைத்திருக்கிறார்களே, பதினைந்து வருடமாக ஒருவன் கண்ணிலும் படவில்லையே என்று மாமாவுக்கு வயிறு எரிந்துவிட்டது. எமரித் தாள் எடுத்தார், தேய்க்கிற கல் எடுத்தார், கடைசியில் பாலிஷ் டப்பாவையும் எடுத்தார். அன்றைக்கும் மறுநாளும் விடாமல் தேய்த்தார். குரு பந்தல் வேலையில் இருந்தார். ஞாயிறு மாலை குரு வீட்டுக்குப் போன பிறகு மேசையை இறக்கச் சங்கிலியைப் பிடித்தது நான்தான். தடத்தில் என் முகம் தெரிந்தது. பரவாயில்லையே மாமா என்றுகூடச் சொன்னேன். அதனால் இந்தக் கதையில் நான் ரொம்ப யோக்கியன் மாதிரி பேசக் கூடாது.

பூஜை நன்றாக நடந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து முதல் வேலை தொடங்க வேண்டும். சூடம் காட்டி, மேசையின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாரும் கை கூப்பி நிற்க, புனிதா பச்சைப் பொத்தானை அழுத்தினார். உள்ளே பம்ப் முனகியது. மேசை நகரவில்லை. இன்னும் முனகியது. திடீரென்று மேசை ஒரு சாண் எகிறி நின்றது. எலுமிச்சை உருண்டு கீழே விழுந்து கருவிப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பூசணியைத் தெற்குப் பார்த்து உடைத்தது தப்பு என்றார் ஒருவர். வாழைக்கன்று வாடியிருந்தது என்றார் இன்னொருவர், அதாவது லோரி ஓட்டிய நான் தப்பு. புனிதா கோயிலுக்கு ஆள் அனுப்பி இன்னொரு அர்ச்சனை செய்தார். அர்ச்சனைக்குப் பிறகு மேசை ஓடத்தான் செய்தது, ஆனால் விக்கி விக்கி. கொஞ்சம் நிற்கும், ஒட்டிக்கொள்ளும், விடுபட்டுத் துள்ளும், மறுபடி ஒட்டும். மெதுவாக ஓட்டினால் இன்னும் மோசம். தகட்டை எடுத்துப் பார்த்தால் மேலே அலை அலையாகக் கோடு.

சோதனையும் நேரம் பார்த்து வந்தது. ரவாங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலை எங்களுக்கு முதல் தடவையாக நாற்பது தகடு சீவக் கொடுத்திருந்தது. தீபாவளிக்குள் கொடுக்க வேண்டும். இது தேறினால் வருடம் முழுக்க வேலை வரும். தேறாவிட்டால் ஆள் குறைக்க வேண்டியிருக்கும் என்று புனிதா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் பதினொரு தகடு வீணானது. குரு கல் சக்கரத்தை மாற்றினார், எண்ணெயை மாற்றினார், பம்பைப் பிரித்துப் பூட்டினார். ஒன்றும் ஆகவில்லை. புனிதா பொறுமையான மனுஷி, அவரே ஒருநாள் கத்தினார். குருவுக்குக் கை போய்விட்டதா, வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டுவிட்டார். அன்றைக்குக் குரு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. மாமா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுத்தம் பத்தவில்லை போல, மேசையை இன்னொரு தடவை தூக்கிக் கொடு, நான் நன்றாகத் தேய்த்துத் தருகிறேன் என்று ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நானும் நின்றேன்.

பூச்சோங்கிலிருந்து லியோங் என்கிற மெஷின் ரிப்பேர்காரர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவதாக ஏற்பாடு. வியாழன் சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். அக்கா கழுவிய டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு வைத்திருந்தாள். எடுக்கப் போனால் இரண்டு டம்ளர் பிரிய மாட்டேன் என்கிறது. தட்டினாள், திருகினாள், சுடுதண்ணீரில் வைத்தாள். வழக்கமாக நடக்கிறதுதான், ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொறுமை இல்லை.

"தேச்சுத் தேச்சுக் கண்ணாடி ஆக்கி வச்சிருக்கீங்க. நடுவுல தண்ணி இருந்தா வழுக்கிக்கிட்டு வரணும். இது பசை போட்ட மாதிரி புடிச்சிக்குது" என்றாள்.

பிறகு அலமாரியில் அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு டம்ளரை எடுத்தாள். மங்கலான டம்ளர், மேலெல்லாம் கீறல், நடுவில் 'ரெ. பவுனம்மாள்'. பன்னிரண்டில் ஒன்றை இத்தனை வருடமாக மாமா கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தாள். எனக்கே தெரியாது. அதில் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அப்பா பெயரின் முதல் எழுத்து என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. தேநீர் சூடு என்று சொன்னேன், ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

மாமா கோபப்படவில்லை. ஒட்டிய இரண்டு டம்ளரையும் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். நான் குடித்து முடித்ததும் அந்தக் கீறல் டம்ளரை வாங்கி, நனைத்து, ஒரு பளபளப்பு டம்ளருக்குள் போட்டார். இழுத்தார். வந்துவிட்டது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. பிறகு பளபளப்பு டம்ளர் இரண்டை அப்படிச் செய்து பார்த்தார், ஒட்டிக்கொண்டன. டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முகுந்தா, அந்தத் தடத்துல இருந்தது அழுக்கு இல்லியோ?" என்றார்.

நாளைக்கு லியோங் வந்து சொல்லட்டும், நாமாக ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்றேன். நான் சொன்னது கோழைத்தனம்தான். டிசம்பரை நினைத்துத்தான் சொன்னேன். மாமா தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் காலை பட்டறை திறக்கும் முன்பே அவர் புனிதாவின் அறை வாசலில் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"நாந்தாம்மா. குரு மேல தப்பு இல்ல. தடத்துல இருந்த கீறலெல்லாம் நாந்தான் ரெண்டு நாளாத் தேச்சு எடுத்தேன்" என்றார்.

புனிதா கார் சாவியைக் கையில் வைத்தபடியே கேட்டார். "தேச்சா எப்படி அங்கிள் மெஷின் கெடும்?"

"அது தெரியலம்மா. ஆனா கெட்டுப்போச்சு. டிசம்பர்ல என்னை நிறுத்திக்குங்க. குருவ மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."

புனிதா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். குரு அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் மாமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

லியோங் வந்தார், மேசையைத் தூக்கச் சொன்னார், தடத்தைப் பார்த்தார். விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். முப்பது வருடத்தில் துருப் பிடித்த தடம் பார்த்திருக்கிறேன், உடைந்த தடம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு அழகான தடம் பார்த்ததே இல்லை என்றார்.

"அண்ணே, அது கீறல் இல்ல லா. மங்கோக்" என்றார் மாமாவிடம். மங்கோக் என்றால் மலாயில் கிண்ணம். "ஆயில் வைக்கிற மங்கோக்."

மலாயும் ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் கலந்து அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்த ஒவ்வோர் அரைநிலாவும் தலைமுடித் தடிமனைவிட ஆழம் குறைந்த ஒரு சின்னக் கிண்ணம். மேசை நிற்கும்போது எண்ணெய் அதில் தங்கியிருக்கும். மேசை நகரும்போது கிண்ணத்திலிருந்து வெளியே வந்து இரண்டு இரும்புக்கும் நடுவில் பரவும். கிண்ணம் இல்லாவிட்டால், மேசையின் கனத்தில் எண்ணெய் ஓரத்துக்குப் பிதுங்கிப் போய்விடும். வழவழப்பான இரும்பும் வழவழப்பான இரும்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வேகமாக ஓடினாலாவது எண்ணெய் கூடவே உள்ளே இழுபடும், மெதுவாக ஓடினால் அதுவும் இல்லை. அதனால்தான் விக்கல்.

மாமா நோட்டுப் புத்தகம் இல்லாத குறையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அப்படியானால் இன்னும் ஆழமாக, இன்னும் நிறையப் போட்டால் இன்னும் நன்றாக ஓடுமே என்றார். மனுஷன் எந்தப் பக்கம் திரும்பினாலும் எல்லைக்குப் போய்விடுவார். லியோங் தலையில் அடித்துக்கொண்டார். ஆழமாகப் போட்டால் எண்ணெய் அடியிலேயே கிடக்கும், மேலே வராது. நிறையப் போட்டால் மேசை உட்கார இடமே இருக்காது. கிண்ணமும் வேண்டும், கிண்ணத்தைச் சுற்றித் தரையும் வேண்டும் என்றார்.

தடத்தை மறுபடி மட்டமாக்கி, கிண்ணங்களைப் போட லியோங்குக்கு எட்டு நாள் வேண்டும். எங்களிடம் நாலு நாள்தான் இருந்தது. உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், ஒரே கையசைவை ஆயிரம் தடவை சலிக்காமல் செய்கிற ஆள் வேண்டும் என்றார். எல்லார் கண்ணும் மாமாவின் மணிக்கட்டுக்குத்தான் போயிற்று.

முதல் நாள் ஒரு பழைய இரும்புத் துண்டில் பழகச் சொன்னார். உளி மாதிரி நீளமான ஒரு சுரண்டுகருவி. அதை இரும்பில் வைத்து மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்க வேண்டும். மாமா முப்பது கீறல் போட்டார். சரியில்லை. இன்னும் முப்பது. சுமாராக வந்தது. அடுத்த வரிசை நன்றாக வந்ததும் சந்தோஷத்தில் தோளிலிருந்த துணியை எடுத்து, பாலிஷைத் தொட்டு, எல்லாவற்றையும் தேய்க்கத் தொடங்கிவிட்டார். லியோங் பாய்ந்து துணியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்து, லோரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். நான்கு நாளும் அந்தத் துணி என் லோரியில்தான் இருந்தது. மாமா அடிக்கடி வெறும் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

லியோங் முன்னால் தடத்தை மட்டமாக்கிக்கொண்டே போனார், மாமா பின்னாலேயே அரைநிலா போட்டுக்கொண்டே வந்தார். வாழ்நாளெல்லாம் கீறலைத் தேடித்தேடி அழித்த ஆள், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கீறலையும் எண்ணி வைத்தார். குரு இரண்டு நாள் விளக்குப் பிடித்தார், ஆனால் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தார்.

"இடது பக்கம் ஒரு வரிசை வெறுமையா இருக்கு, மாமா" என்றார்.

மாமா அந்த வரிசையைப் போட்டு முடித்ததும் குரு கடைக்குப் போய், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் இரண்டு கட்டி வாங்கிவந்தார். ஒன்று தனக்கு, ஒன்று மாமாவுக்கு. எனக்கு வாங்கவில்லை. சங்கிலியைப் பிடித்தது நான்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேசையை இறக்கினோம். இந்தத் தடவை சூடம் இல்லை, எலுமிச்சை இல்லை. லியோங் தன் கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தேநீர் ஊற்றி மேசையின் மேல் வைத்து, ஆக மெதுவாக ஓட்டச் சொன்னார். புனிதா பொத்தானை அழுத்தினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். மேசை இந்தக் கோடி போனது, அந்தக் கோடி வந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. குரு மேசையைத் தட்டிக்கொடுத்து, அவ வந்துட்டா என்றார். மாமா கண்ணைத் திறக்கவே இல்லை, நான் உலுக்கித்தான் சொன்னேன்.

வீணான பதினொன்றில் ஒன்பதைத் திரும்பச் சீவிச் சரியாக்கினோம், இரண்டுக்குப் புதுத் தகடு போட்டோம். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் நாற்பதையும் நான் ரவாங்குக்குக் கொண்டு போனேன். அங்கே பரிசோதிக்கிற பெண் ஒவ்வொரு தகட்டையும் அளந்து, கடைசியில் உள்ளங்கையால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். எங்கே சீவியது, நன்றாக வழவழவென்று இருக்கிறதே என்றாள். கீறல் போட்டதால் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பட்டறை மூடுகிற நாள் புனிதா மாமாவைக் கூப்பிட்டார். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து டிசம்பரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு நிறுத்தறதப் பத்திப் பேசலாம் லா, அங்கிள். ஆனா மெஷினுக்கு உள்ள எதையும் தேய்க்கக் கூடாது. வெளிய மட்டும்தான்."

மாமா தலையாட்டினார். கொஞ்சம் யோசித்து, கதவுக் கைப்பிடி என்று இழுத்தார். அதைத் தேய்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு கிடைத்தது. வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை, நானே அழுதுகொண்டிருந்தேன்.

தீபாவளி காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா காப்பி ஊற்ற டம்ளரை எடுத்தவள் அப்படியே நின்றாள். டம்ளரைத் திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள், அதையும் திருப்பினாள். பதினொரு டம்ளரிலும் 'ரெ. பவுனம்மாள்'. புள்ளி புள்ளியாக, கொஞ்சம் கோணலாக, லியோங் கொடுத்த சின்னச் சுரண்டுகருவியால் வெட்டியது. அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த டம்ளரைப் பார்த்து வெட்டியிருக்கிறார். மாமா சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"பேரு கோணலா இருக்கு" என்றாள் அக்கா.

"பழகினா நேரா வரும்" என்றார் மாமா.

காப்பி குடித்து முடித்ததும் அக்கா பன்னிரண்டு டம்ளரையும் கழுவினாள். ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று போட்டு அழுத்தினாள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாம் கையோடு வந்தன. மறுபடி அடுக்கினாள், மறுபடி எடுத்தாள். மாமாவின் கை பழக்கத்தில் தோளுக்குப் போயிற்று, துணியை எடுத்தது. அக்கா அந்தத் துணியை வாங்கித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.